கார் டியூ கட்ட முடியலையா? வண்டியை ஒளிக்காதீங்க... நீங்களே முன்வந்து வித்துடுங்க!

மாசம் பிறந்து அஞ்சாம் தேதி. சம்பளம் பாதிதான் வந்திருக்கிறது, அல்லது வரவே இல்லை. ஆனால், கார் லோன் தவணை மட்டும் தேதி தவறாமல் வங்கிக் கணக்கின் கதவைத் தட்டுகிறது. கணக்கில் பணம் இல்லை என்றால் 'பவுன்ஸ்' ஆகிவிட்டதாக ஒரு மெசேஜ். அதற்கு ஒரு கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. அடுத்த அரை மணி நேரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன்.

அந்த போனை எடுப்பதா, கட் பண்ணுவதா? கார் லோன் சிக்கலில் ஒருவர் எவ்வளவு இழக்கப்போகிறார் என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

கொங்கு மண்டலத்தில் இந்தக் கேள்வி இப்போது பலருக்கு நிஜமான கேள்வி. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஆர்டர்கள் தள்ளிப்போயின, சில நின்றும் போயின. அதற்கு முன்பே, 2025 ஜனவரியில் கோவையில் ஒரு ஐ.டி. சேவை நிறுவனம் திடீரென மூடப்பட்டு, ஏராளமான இளைஞர்கள் வேலை இழந்தார்கள். மெர்ச்சண்டைசர், க்யூ.சி., டீம் லீடர் என்று நிலையான சம்பளத்தை நம்பி ஏழு வருஷ லோனில் கார் எடுத்தவர்கள் இவர்களில் உண்டு. சம்பளம் நின்றாலும் லோன் நிற்பதில்லை.

கௌரவம் என்கிற கூடுதல் வட்டி

நம்ம ஊரில் கார் என்பது போக்குவரத்து மட்டும் அல்ல. பொண்ணு பார்க்கப் போகும்போது, குலதெய்வம் கோயில் பொங்கலுக்குப் போகும்போது, பங்காளி வீட்டு விசேஷத்தில் மண்டப வாசலில் இறங்கும்போது வண்டிதான் முதலில் பேசும். அதனால்தான் வேலை போனது தெரிந்தாலும் பரவாயில்லை, வண்டி போனது தெரியக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். "ஏனுங்க, வண்டியக் காணோம்? சர்வீஸுக்கு விட்டிருக்கீங்களா?" என்ற ஒற்றைக் கேள்விக்குப் பயந்து செய்கிற காரியங்கள்தான் கடைசியில் குடும்பத்தை அமுக்குகின்றன.

முதலில் நகை அடகுக்குப் போகும். வருஷா வருஷம் மதிப்பு குறைகிற ஒரு பொருளைக் காப்பாற்ற, மதிப்பு ஏறுகிற தங்கத்தை அடகு வைப்பது. அடுத்து சீட்டைத் தள்ளி எடுப்பது. அதுவும் தீர்ந்தால் 'மூணு வட்டி'. மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாசம் மூன்று ரூபாய். வருஷத்துக்கு 36 சதவீதம். வங்கிக்கு 9 அல்லது 10 சதவீத வட்டி கட்டுவதற்காக 36 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதை எந்தக் கணக்குப் பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதீத வட்டி வசூலிப்பதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கௌரவத்துக்காக வாங்குகிற கடனை யாரும் போலீஸில் போய்ச் சொல்வதில்லை.

கடைசிக் கட்டம், வண்டியை ஒளிப்பது. மாமனார் ஊர் தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது. இது ரொம்ப மோசமான முடிவு. வட்டியும் அபராதமும் ஓடிக்கொண்டே இருக்கும், வண்டியின் விலை இறங்கிக்கொண்டே இருக்கும், 'வேண்டுமென்றே ஏமாற்றுகிறார்' என்று சொல்ல வங்கிக்கு ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா?

ஆன்ரோடு விலை 10 லட்சம் ரூபாய் கார். கையிலிருந்து 2 லட்சம், லோன் 8 லட்சம். வட்டி 9.5 சதவீதம், 84 மாத தவணை. மாச இ.எம்.ஐ. சுமார் 13,075 ரூபாய். இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் கட்டியது சுமார் 3.14 லட்சம். ஆனால், அசலில் குறைந்தது 1.77 லட்சம்தான். பாக்கி இன்னும் 6.22 லட்சம் நிற்கிறது.

இந்த நேரத்தில் வருமானம் நின்றுவிடுகிறது. இப்போதே வண்டியை 6.5 லட்சத்துக்கு விற்க முடிந்தால், லோனை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் 4 சதவீதமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்தால்கூட, கையிலிருந்து ஏறக்குறைய 2,000 ரூபாய் போட்டால் கடன் முடிந்துவிடும். வண்டி போகும், கூடவே கடனும் போகும்.

இதே ஆள் ஆறு மாசம் கட்டாமல் ஓட்டுகிறார். வட்டியே சுமார் 30,000 ரூபாய் ஏறி, பாக்கி 6.52 லட்சம் ஆகிறது. பவுன்ஸ் கட்டணம், அபராதம், வண்டியைத் தூக்கிய செலவு, யார்டு வாடகை எல்லாம் தனி. ஏலத்தில் வண்டி 5 லட்சத்துக்குப் போனால், வண்டியும் இல்லாமல் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கடன் மிச்சம் இருக்கும். "வண்டியத்தான் எடுத்துட்டீங்களே, அப்புறம் என்ன பாக்கி?" என்று பலர் கேட்கிறார்கள். ஏலத் தொகை போக மீதியைக் கடன் வாங்கியவர்தான் கட்ட வேண்டும். அவர் கட்டாவிட்டால், ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானிடமோ பங்காளியிடமோ அதே தொகையைக் கேட்கும் உரிமை வங்கிக்கு இருக்கிறது.

இந்த விலைகள் உதாரணத்துக்குத்தான், வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் திசை மாறாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதுசு வாங்குபவருக்கு அது நல்ல சேதி. ஆனால், புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தான் செய்யும். காத்திருந்தால் நல்ல விலை வரும் என்ற கணக்கு, காலி மனைக்குச் சரி. காருக்குச் செல்லாது.

லாரிக்காரர்களுக்குத் தெரிந்த பாடம்

வண்டிக் கடன் கொங்கு நாட்டுக்குப் புதுசு இல்லை. நாமக்கல், சங்ககிரி லாரிகளும், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளும் ஃபைனான்ஸில்தான் ஓடுகின்றன. 'டியூ' என்ற சொல்லை அந்த ஊர்களில் சின்னப் பிள்ளைகளும் அறிவார்கள். லாரித் தொழிலில் லோடு கிடைக்காமல் வண்டி நின்றால், டியூ பாரம் ஏறுவதற்குள் ஒரு வண்டியை விற்று மற்ற வண்டியைக் காப்பாற்றுவது சகஜம். அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை, தொழில் புத்தி என்றுதான் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம். லாரி தன்னுடைய டியூவைத் தானே சம்பாதிக்கும். வீட்டு முன் நிற்கும் சொந்தக் கார் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காது. பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் என்று அது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால், கால் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர் வண்டியைக் காப்பாற்றப் போராடுவதில் நியாயம் இருக்கிறது. சரவணம்பட்டி ஆபீஸுக்கு வாரம் மூணு நாள் போய்வரும் ஒருவர் அதே போராட்டத்தை நகையை வைத்து நடத்துவதில் நியாயம் இல்லை.

முதல் 90 நாள் யாருடையது?

ரிசர்வ் வங்கி விதிப்படி, தவணை தவறிய கடன்கள் மூன்று படிகளாகக் கவனிக்கப்படுகின்றன. 30 நாள் வரை முதல் படி, 31 முதல் 60 வரை இரண்டாவது, 61 முதல் 90 வரை மூன்றாவது. 90 நாள் தாண்டினால் அது வாராக் கடன். அதன் பிறகு வங்கியின் பேச்சு மாறும், பேசுகிற ஆளும் மாறுவார். கிளை அதிகாரி விலகி, வசூல் ஏஜென்சி உள்ளே வரும். அதற்குள் கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கியிருக்கும். வங்கிகள் கடன் விவரங்களை கிரெடிட் நிறுவனங்களுக்கு 15 நாளுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததிலிருந்தே, தாமதம் சீக்கிரமே பதிவாகிவிடுகிறது.

ஆக, அந்த 90 நாளும் கடன் வாங்கியவர் கையில் இருக்கிற காலம். முதல் பவுன்ஸுக்கு முன்பே வங்கிக்குப் போவது இன்னும் நல்லது. போனில் பேசினால் மட்டும் போதாது, இமெயிலிலும் எழுத வேண்டும். வேலை போன தேதி, தற்போதைய வருமானம், எவ்வளவு கட்ட முடியும், எப்போது நிலைமை சீராகும் என்ற நான்கு விவரங்கள் போதும். 2024 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய லோன் என்றால், 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்று ஒரு சுருக்க விவரத் தாள் வங்கி கொடுத்திருக்கும். புகார் சொல்ல வேண்டிய அதிகாரியின் விவரம் அதிலேயே இருக்கும்.

வங்கியிடம் கேட்கக்கூடியது தவணைக் காலத்தை நீட்டிப்பது. மேலே சொன்ன உதாரணத்தில், மீதி 60 மாதத்தை 84 மாதமாக நீட்டினால், இ.எம்.ஐ. 13,075-லிருந்து சுமார் 10,175 ஆகக் குறையும். ஆனால், மொத்தத்தில் 70,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். வருமானம் கொஞ்சம் குறைந்தவருக்கு இது உதவும். வருமானமே நின்றவருக்கு உதவாது. நீட்டிப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. கொடுத்தாலும் அது கிரெடிட் ரிப்போர்ட்டில் தெரியலாம் என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஒரு எளிய அளவுகோல் வைத்துக்கொள்ளலாம். அடுத்த வேலைக்கு ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, ரெண்டு மாசம் சமாளித்தால் போதும் என்றால் நீட்டிப்பு கேட்கலாம். 'ஏதாவது கிடைச்சிடும்' என்ற நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது என்றால், விற்பதே மேல்.

லோன் இருக்கும்போதே விற்க முடியுமா?

முடியும். வங்கியில் 'ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட்' கேட்டால், எந்தத் தேதிக்கு எவ்வளவு கட்டினால் லோன் முடியும் என்று எழுதிக் கொடுப்பார்கள். வாங்குபவரோ, பழைய கார் டீலரோ அந்தத் தொகையை நேராக லோன் கணக்கில் கட்டும்படி பேசிக்கொள்ள வேண்டும். கடன் முடிந்ததும் வங்கி என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் தரும். அதைக் கொண்டு ஆர்.சி. புக்கில் இருக்கும் கடன் பதிவை நீக்கி, படிவம் 29, 30 மூலம் பெயர் மாற்றிவிட வேண்டும். பாக்கி கடன் வண்டி விலையைவிடக் கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்துக்கு மட்டும் நகை அடகு வைப்பதில் தப்பில்லை. அது முடிகிற கடன்.

செய்யவே கூடாதது ஒன்று இருக்கிறது. "வண்டிய எடுத்துக்குங்க, மீதி டியூவ நீங்களே கட்டிக்குங்க" என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுப்பது. வாங்கியவர் கட்டாமல் போனால் வங்கி தேடி வருவது பழைய ஆளைத்தான். அதைவிடப் பெரிய ஆபத்து விபத்து. வண்டி கை மாறினாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில், நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவினாசி ரோட்டில் யாரோ ஓட்டிய வண்டிக்காக, காரே இல்லாத ஒருவர் கோர்ட் ஏற வேண்டி வரும்.

வண்டியைத் தூக்க வந்தால்?

காலம் கடந்துவிட்டது, வசூல் ஏஜென்டுகள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணை தவறினால் வண்டியை எடுக்கும் உரிமை ஒப்பந்தப்படி வங்கிக்கு இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால், எப்படி எடுக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அடியாட்களை வைத்துக் கடன் வசூலிப்பதையும் வண்டியைப் பறிப்பதையும் ஏற்க முடியாது, சட்டப்படிதான் செய்ய வேண்டும் என்று 2007-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 மே மாதம் பாட்னா உயர் நீதிமன்றமும் இதே காரணத்துக்காகத் தவறு செய்த நிறுவனங்களுக்குத் தலா 50,000 ரூபாய் அபராதம் விதித்தது.

இந்த வரம்பு மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜார்க்கண்ட் மாநிலம் ஹசாரிபாக் சம்பவம் சாட்சி. 2022 செப்டம்பரில், ஒரு விவசாயியின் டிராக்டரை வசூல் ஏஜென்டுகள் எடுத்துச் சென்றபோது, அவருடைய கர்ப்பிணி மகள் அதே டிராக்டரில் சிக்கி இறந்தார். அடுத்த சில நாட்களில், வெளி ஏஜென்டுகளை வைத்து வசூலிக்க மஹிந்திரா ஃபைனான்ஸ் நிறுவனத்துக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மூன்று மாதத்துக்கும் மேல் கழித்து, 2023 ஜனவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. தமிழ்நாட்டிலும், கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய விதிகள் இவை:

● காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது.

● வருகிற ஏஜென்டிடம் அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். கேட்டுப் பார்க்கும் உரிமை உண்டு.

● நிதி நிறுவனங்களின் கடன் ஒப்பந்தத்தில், வண்டியை எடுக்கும் முன் எத்தனை நாள் நோட்டீஸ், ஏலத்துக்கு முன் கடைசி வாய்ப்பு எப்படி என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை இன்றே எடுத்துப் படியுங்கள்.

● தாமதத்துக்கான அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்கக் கூடாது, அபராதத்தின் மேல் மறுபடி வட்டி போடவும் கூடாது. 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட இந்த விதி 2024 முதல் அமலில் இருக்கிறது.

● புகாருக்கு 30 நாளில் வங்கி பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். உதவி எண் 14448. இலவசச் சட்ட உதவிக்கு 15100.

உரிமை இருக்கிறது என்பதற்காக வருகிற நோட்டீஸைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. தானியங்கித் தவணை பணமில்லாமல் திரும்பினால், செக் பவுன்ஸ் வழக்கு மாதிரியே வழக்குப் போட 2007-ம் ஆண்டு பணப் பரிவர்த்தனைச் சட்டத்தின் 25-வது பிரிவில் இடம் இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் வழக்கு வராது.

'செட்டில்மென்ட்' என்று வங்கியே ஒரு தொகைக்கு இறங்கி வரலாம். கோர்ட்டுக்குப் போன கடன் என்றால் லோக் அதாலத்திலும் பேசி முடிக்கலாம். ஆனால், முழுசாகக் கட்டி முடித்தால் கிரெடிட் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வரும். குறைத்துக் கட்டினால் 'செட்டில்டு' என்று வரும். நாளைக்கு வீட்டு லோனுக்குப் போகும்போது இந்த ஒரு வார்த்தை குறுக்கே நிற்கும். வேறு வழியே இல்லாதவருக்கு மட்டும்தான் செட்டில்மென்ட். அதையும் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

வங்கிகளுக்கும் ஒரு கேள்வி

தப்பு முழுவதும் வாங்கியவர் மேல்தான் என்று சொல்லிவிட முடியாது. ஷோரூமில் காபி ஆறுவதற்குள் லோன் அப்ரூவல் வாங்கிக் கொடுக்க ஆள் இருக்கிறார். 84 மாத தவணையை "மாசம் கொஞ்சம்தான் சார்" என்று விளக்கவும் ஆள் இருக்கிறார். வேலை போய்விட்டது என்று அதே வங்கிக்குப் போனால், எந்த மேஜைக்குப் போவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. கொடுக்கும்போது காட்டும் வேகத்தில் பாதியைக் கஷ்டம் வரும்போது காட்டினால், ஏல யார்டுகளில் தூசி படிந்து நிற்கும் கார்கள் குறையும். அதில் வங்கிக்கும் லாபம்தான். மிரட்டி வசூலிப்பதைவிட, விற்க ஒரு மாசம் அவகாசம் கொடுப்பதில் அதிகப் பணம் திரும்பி வரும்.

வங்கி மாறும்வரை காத்திருக்க முடியாது. அதுவரை செய்யக்கூடியது வீட்டுக்குள் பேசுவது. கணவன் மனைவியிடமும், மகன் அப்பாவிடமும் மறைக்கிற கடன்தான் மூணு வட்டிக்குப் போகிறது. மனசு தாங்க முடியாத அளவுக்கு அழுத்தம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

ஊர் ரெண்டு நாள் பேசும், மூணாம் நாள் வேறு கதைக்குப் போய்விடும். 36 சதவீத வட்டி அப்படிப் போகாது. காந்திபுரத்துக்குப் பஸ்ஸில் போவதால் யாருடைய குடும்பக் கௌரவமும் குறைந்ததில்லை. ஜாமீன் போட்ட மச்சான் வீட்டு வாசலில் வசூல்காரர் வந்து நின்றால்தான் குறையும். வண்டி இன்னும் உங்கள் பெயரில், உங்கள் கையில், ஓடுகிற நிலையில் இருக்கும்போதே இந்த வாரம் ஃபோர்குளோஷர் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். விலையையும் ரெண்டு இடத்தில் விசாரியுங்கள். அந்த ரெண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது.